டிரோன் மோட்டாரை மிதித்தால் பேட்டரி ஏறுமா?

கேள்வி: டிரோன்களில் வரும் பிரஷ்லெஸ் மோட்டார் ஒன்று வாங்கினேன். ‘1000 கேவி, 300 வாட்’ என்று போட்டிருந்தது. சைக்கிளை ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரத்திலிருந்து பெல்ட் போட்டு மோட்டாரைச் சுழற்றினேன். மூன்று கம்பிகளையும், மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் ரெக்டிஃபையர் வழியாக 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்குக் கொடுத்தேன். அரை மணி நேரம் மிதித்தும் பேட்டரி ஏறவில்லை. மிதிப்பதற்கு மட்டும் மிக லேசாக இருந்தது. பழுதான மோட்டாரைத் தலையில் கட்டிவிட்டார்களா?

பதில்: ‘மிக லேசாக இருந்தது’ என்று எழுதினீர்களே, விடை அதிலேயே இருக்கிறது. பேட்டரிக்கு மின்சாரம் போகத் தொடங்கிய அந்த நொடியே பெடல் கனக்க வேண்டும். கனக்கவில்லை என்றால் எதுவும் போகவில்லை என்று பொருள். மோட்டாரில் பழுது இருப்பதாகத் தோன்றவில்லை. உங்கள் வேலைக்கு அது ஏற்றதல்ல, அவ்வளவுதான்.

அந்தக் கேவியைக் கிலோவோல்ட் என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். அது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைச் சொல்லும் எண். 1000 கேவி மோட்டாருக்கு ஒரு வோல்ட் கொடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்று சுற்றும். திருப்பிப் பார்த்தால், நீங்கள் 1000 சுற்று சுற்றினால்தான் அது ஒரு வோல்ட் தரும். உங்கள் பேட்டரி முழுதாக ஏற 14.4 வோல்ட் தேவை. ரெக்டிஃபையரில் எந்நேரமும் இரண்டு டயோடுகள் (மின்சாரத்துக்கு ஒருவழிக் கதவுகள்) வழியாக மின்சாரம் போவதால், சாதாரண சிலிக்கான் டயோடு என்றால் இன்னொரு 1.4 வோல்ட் அங்கே போய்விடும். ஆக, ஏறக்குறைய 16 வோல்ட். அதாவது நிமிடத்துக்கு 16,000 சுற்று!

சக்கரம் நிமிடத்துக்கு 200 சுற்று என்று வைத்துக்கொள்வோம். 60 சென்டிமீட்டர் சக்கரத்திலிருந்து 3 சென்டிமீட்டர் புல்லிக்குப் பெல்ட் போட்டால் வேகம் இருபது மடங்காகும். 4,000 சுற்று, 4 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி அதைத் திரும்பிக்கூடப் பார்க்காது.

300 வாட் என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்பதைக் கம்பிச்சுருளின் சூடு முடிவு செய்கிறது. வோல்ட்டை வேகம் முடிவு செய்கிறது. கால்பங்கு வேகத்தில் சுற்றினால் அதே ஆம்பியருக்குக் கால்பங்கு வாட்தான் வரும். போதாக்குறைக்கு, டிரோனில் அந்த மோட்டாரைக் குளிர்விப்பது அதன் இறக்கை அடிக்கும் காற்று. உங்கள் ஸ்டாண்டில் அதுவும் இல்லை.

கேள்வி: அப்படியென்றால் எந்த மோட்டாரைத் தேடி வாங்குவது? பழையதாக இருந்தாலும் பரவாயில்லை.

பதில்: கேவி குறைவான மோட்டாரை வாங்குங்கள். மின் ஸ்கூட்டர், ஹோவர்போர்டு இவற்றின் சக்கரத்துக்குள்ளேயே இருக்கும் ஹப் மோட்டார்களுக்கு இது பெரும்பாலும் பத்து, இருபது என்ற அளவில்தான் இருக்கும். 15 என்று எடுத்துக்கொண்டால் மேலே சொன்ன 16 வோல்ட்டுக்கு 240 சுற்று போதும். டைரக்ட் டிரைவ் (பெல்ட் இல்லாமல் டிரம்மை நேரடியாகச் சுழற்றும்) வாஷிங் மெஷின் மோட்டாரும் நல்ல தேர்வு. மெதுவாகச் சுற்றினாலே போதிய வோல்ட் தருவதால்தான் காற்றாலை செய்து பார்ப்பவர்கள் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். பிரஷ்லெஸ் மின்விசிறி மோட்டார் மெதுவாகச் சுற்றும் என்றாலும் முப்பது வாட் அளவில் வேலை செய்யும் பொருள். அதனிடம் அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

மின் சைக்கிளின் ஹப் மோட்டார் வாங்குவதாக இருந்தால் ஒன்றைக் கேட்டுவிடுங்கள்: உள்ளே கியர் இருக்கிறதா? கியர் உள்ளவற்றில் பெரும்பாலும் ஒருவழிக் கிளட்சும் இருக்கும். சக்கரத்தை முன்பக்கம் சுற்றினால் உள்ளிருக்கும் மோட்டார் அசையாது. சக்கரம் அழகாகச் சுற்றும், ஒரு சொட்டு மின்சாரம் வராது.

காசு கொடுக்கும் முன் கையாலேயே சோதிக்கலாம். தடித்த கம்பிகள் மூன்று இருக்கும். ஐந்து மெல்லிய கம்பிகளும் இருந்தால் அவை காந்தத்தின் நிலையைக் கண்டறியும் ஹால் சென்சாருக்கு, நமக்கு வேண்டாம். தடித்த மூன்றும் ஒன்றையொன்று தொடாமல் இருக்கும்போது சுற்றிப் பாருங்கள். காந்தம் விட்டுவிட்டு இழுப்பது விரலில் தெரியும், ஆனாலும் சுற்ற வேண்டும். பிறகு மூன்றையும் சேர்த்து முறுக்கிவிட்டுச் சுற்றுங்கள். தேனில் கரண்டியைச் சுழற்றுவதுபோல் இறுகினால் மோட்டார் உயிரோடு இருக்கிறது. கம்பிகள் பிரிந்திருக்கும்போதே அப்படி இறுகினால் சுருள் உள்ளே ஒட்டிக் கருகியிருக்கலாம், வாங்காதீர்கள்.

மல்டிமீட்டரும் டிரில்லும் கையில் இருந்தால் கேவியையே கணக்கிட்டுவிடலாம். டிரில் 600 சுற்றில் சுழற்றும்போது இரண்டு கம்பிகளுக்கு நடுவே மாறுமின்னழுத்தம் 8.5 வோல்ட் காட்டுகிறது என்றால், அதை 1.414ஆல் பெருக்க உச்ச அளவு 12 வோல்ட் வரும். 600ஐ 12ஆல் வகுத்தால் கேவி 50. மூன்று ஜோடிகளிலும் ஏறத்தாழ ஒரே அளவு காட்ட வேண்டும்.

கேள்வி: மோட்டாரோடு வரும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியை வைத்தே சார்ஜ் செய்யலாம் என்கிறார் கடைக்காரர்.

பதில்: அது பேட்டரியிலிருந்து மோட்டாருக்குக் கொடுப்பதற்கான கருவி. பிரேக் பிடிக்கும்போது மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வகைகளும் உண்டு. ஆனால் பேட்டரி நிறைந்ததும் நிறுத்த வேண்டும் என்பதை அவற்றை நம்பி விட முடியாது. ஆறு டயோடு கொண்ட மூன்று ஃபேஸ் ரெக்டிஃபையர், அதன் பின்னால் நிறைந்ததும் நிறுத்தும், பேட்டரி வகைக்கேற்ற சார்ஜ் கன்ட்ரோலர், பேட்டரியை ஒட்டி ஒரு ஃபியூஸ். இவற்றைத் தனியாக வாங்குங்கள். லித்தியம் பேட்டரி என்றால் கன்ட்ரோலர் இல்லாமல் கம்பியை அருகில்கூடக் கொண்டுபோகாதீர்கள்.

கேள்வி: 12 வோல்ட், 100 ஆம்பியர்-ஹவர் (Ah) பேட்டரியை மிதித்தே நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்?

பதில்: அதில் அடங்குவது 1,200 வாட்-ஹவர். சாதாரண உடல்வாகு உள்ளவர் தொடர்ந்து 75 வாட் அளவில் மிதிக்கலாம். பெல்ட், டயோடு, சுருள் எல்லாம் பங்கு கேட்டது போக 50 வாட் பேட்டரிக்குப் போனாலே நல்ல வேலை. அப்போதும் 24 மணி நேரம்! 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரியோடு தொடங்குங்கள். அந்த 50 வாட்டும் முழுதாகப் போனால் இரண்டு மணி நேரத்துக்குள் கிட்டத்தட்ட நிறைந்துவிடும். ஆனால் அந்தச் சிறிய பேட்டரியின் மேல் அது எவ்வளவு ஆம்பியர் வரை தாங்கும் என்று அச்சிட்டிருப்பார்கள். கன்ட்ரோலரை அந்த அளவுக்குள் அமைத்துவிட்டு மிதிக்க உட்காருங்கள், நேரம் இன்னும் கூடலாம்.

கேள்வி: மிதிக்க வேண்டாம், காற்றாடி வைத்துச் சுழற்றலாம் என்றிருக்கிறேன். வீட்டிலுள்ள சோலார் கன்ட்ரோலரை இதற்குப் பயன்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். பேட்டரி நிறைந்ததும் பல சோலார் கன்ட்ரோலர்கள் இணைப்பைத் துண்டித்துவிடும். சோலார் பலகைக்கு அதனால் கேடில்லை. காற்றாடிக்கோ பளு போய்விடும். வேகம் எகிறும், வேகத்தோடு வோல்ட்டும் எகிறும், கன்ட்ரோலர் கருகும், காற்று பலமாக இருந்தால் இறக்கையே பிய்த்துக்கொண்டு போகும். நிறைந்த பிறகு வரும் மின்சாரத்தை ஒரு சூடேற்றும் சுருளுக்குத் திருப்பிவிடும் காற்றாலைக் கன்ட்ரோலர்கள் தனியாகக் கிடைக்கின்றன. அதோடு, மூன்று கம்பிகளையும் ஒன்றாக இணைக்கும் பிரேக் சுவிட்சும் ஒன்று வேண்டும். மோட்டாருக்கும் ரெக்டிஃபையருக்கும் நடுவில், தரையில் நின்றபடி கைக்கு எட்டும் உயரத்தில் அதை வையுங்கள். காற்று வலுக்கும் முன்பே போட்டுவிட வேண்டும். முழு வேகத்தில் சுற்றும்போது போட்டால் சுருள் கருகக்கூடும்.