வாசகர் கேள்வி – பதில்: காட்டில் கிடக்கும் கல்லும் எலும்பும்

குரோம்பேட்டை வாசகர் ஒருவர்: பல்லாவரம் மலையடிவாரத்தில் காலை நடை செல்லும்போது, உள்ளங்கை அளவில், வாதுமைக் கொட்டையைப் போன்ற வடிவில், ஓரம் கூராக இருந்த செம்பழுப்புக் கல் ஒன்றை எடுத்து வந்தேன். பேரன் அதை ஆதிமனிதனின் கோடரி என்கிறான். என் மனைவியோ உடைந்த அம்மியின் துண்டு என்கிறாள். எதைக் கொண்டு முடிவு செய்வது?

பேரன் சொல்வதற்கு அந்த ஊரில் நியாயம் இருக்கிறது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் பணியாற்றிய ராபர்ட் புரூஸ் ஃபூட், 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் பல்லாவரத்தில், சரளை தோண்டிய பள்ளம் ஒன்றில்தான் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழைய கற்காலம் என்று ஒன்று இருந்ததை உலகம் ஏற்றுக்கொள்ள அந்த ஒரு கல்லே தொடக்கமாயிற்று. அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் கொசஸ்தலையாற்றுப் படுகையிலுள்ள அதிரம்பாக்கத்தில் மேலும் பல கருவிகளைக் கண்டார்கள்.

ஆனால் கல்லைப் பார்க்காமல் நான் தீர்ப்புச் சொல்ல இயலாது. நீங்களே பார்க்கும் முறையைச் சொல்கிறேன். பல்லாவரம், பரங்கிமலைப் பகுதிகளின் பாறை சார்னோகைட் எனப்படும் கருநிறப் பாறை. சென்னையைச் சுற்றிக் கிடைக்கும் பழைய கற்காலக் கருவிகளோ பெரும்பாலும் குவார்ட்சைட் என்னும் மிகக் கடினமான கல்லால் ஆனவை; செம்புராங்கல் என்னும் இரும்புச்சத்து மிக்க செந்நிறக் கல்லின் சரளையில் நெடுங்காலம் கிடந்ததால் அவற்றில் பல சிவந்தும் பழுப்பேறியும் காணப்படும். எனவே கல் எந்த இனம் என்பதை முதலில் பாருங்கள்.

அடுத்து, காலை வெயில் பக்கவாட்டில் விழும்படி கல்லைச் சாய்த்துப் பிடித்து மெல்லத் திருப்புங்கள். மனிதன் வேண்டுமென்றே தட்டிய கல்லாயின், சில்லு பெயர்ந்த ஒவ்வோர் இடமும் சிப்பியின் உட்புறம்போலச் சற்றே குழிந்து, அடி விழுந்த புள்ளியிலிருந்து அலையலையாக விரியும். அத்தகைய குழிவுகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு, இரு முகங்களிலும், ஓரத்தை நோக்கியே ஒழுங்காக அமைந்திருந்தால் பேரன் பக்கம் சாயலாம். ஒன்றிரண்டு உடைப்புகள் மட்டும் எங்கோ தாறுமாறாக இருந்தால், அது கல் உடைக்கும் இயந்திரத்தின் வேலையாகவோ ரயில் பாதை ஜல்லியாகவோ இருக்கக்கூடும். அம்மியாக இருந்தால் அடையாளம் வேறு. அம்மி கொத்துபவர் உளியால் போட்ட சிறு புள்ளிகளோ, பல ஆண்டுகள் அரைத்து வழவழத்த ஒரு முகமோ அதில் நிச்சயம் எஞ்சியிருக்கும்.

ஒன்றை மட்டும் சற்று வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது: நீங்கள் அதை எடுத்து வந்திருக்க வேண்டாம். இந்தத் தவற்றை நானும் செய்தவன். முப்பது ஆண்டுகளுக்கு முன் பூண்டிப் பக்கம் ஓர் ஓடைக்கரையில் அழகான கைக்கோடரி ஒன்றை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன். பிறகு அதை ஓர் அறிஞரிடம் காட்டியபோது, அவர் கல்லைத் தொடுவதற்கு முன்பே, "எந்த அடுக்கிலிருந்து எடுத்தீர்கள்? மணலிலா, களிமண்ணிலா, மேற்பரப்பிலா?" என்று கேட்டார். எனக்கு ஓடைக்கரை என்பதற்கு மேல் எதுவும் சொல்லத் தெரியவில்லை. அவர் கல்லைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் மேசைமீது வைத்துவிட்டார்.

அவருடைய கேள்வியின் பொருள் எனக்குப் பின்னரே விளங்கியது. அதிரம்பாக்கத்தில் தொல்லியல் அறிஞர் சாந்தி பப்பு அவர்களின் குழு பல ஆண்டுகள் அகழ்ந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் வெளியிட்டது. ஒரு குவார்ட்சைட் கல் வெயிலில் கிடக்கும்போது விண்கதிர்கள் பட்டு அதற்குள் அலுமினியம், பெரிலியம் ஆகியவற்றின் அரிய கதிரியக்க வகைகள் உருவாகின்றன. மண் மூடிய பிறகு அவை வெவ்வேறு வேகத்தில் குறைகின்றன. எஞ்சிய விகிதத்தைக் கொண்டு எவ்வளவு காலம் புதைந்திருந்தது என்று கணக்கிடுகிறார்கள். அதே இடத்தின் மேலடுக்குகளில் கிடைத்த, தயாரிப்பு முறையில் மாறுபட்ட சிறிய கருவிகளுக்கு, அவற்றை மூடியிருந்த மணல் கடைசியாக எப்போது வெளிச்சம் கண்டது என்பதை அளந்து, ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகள் என்று 2018இல் அறிவித்தார்கள். இரண்டு முறைகளுக்கும் கல் எந்த அடுக்கில், எவ்வளவு ஆழத்தில் கிடந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும். ஓடைக்கரையிலிருந்து என் பைக்குள் வந்த கோடரிக்கு அந்த வழி அன்றே அடைபட்டுவிட்டது.

இனி எங்காவது அப்படியொரு கல்லைக் கண்டால், பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள். அந்த நாணயத்தின் விட்டம் 27 மில்லிமீட்டர் என்பதால் கல்லின் அளவு தானாகவே தெரிந்துவிடும். பின்னர் சற்று விலகி நின்று, சுற்றியுள்ள நிலமும் தெரியுமாறு இன்னொரு படம் எடுத்து, கைப்பேசி காட்டும் அமைவிடத்தையும் குறித்து, எழும்பூரிலுள்ள தமிழ்நாடு தொல்லியல் துறைக்குத் தெரிவியுங்கள். ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்ட கல்லை, எடுத்த இடத்தை நினைவிலிருக்கும் வரை துல்லியமாக எழுதிய தாளுடன் அங்கேயே கொண்டுபோய்க் காட்டலாம்.

அம்பத்தூர் வாசகி ஒருவர்: கல்லூரியில் படிக்கும் மகனுடன், பூண்டிக்கு அருகிலுள்ள குடியம் குகைப் பக்கம் காடு சுற்ற விரும்புகிறேன். ஆதிமனிதர் வேட்டையாடிய விலங்குகளின் எலும்புகள் அங்கே கிடைக்குமா? இன்றைய வேட்டை விலங்குகள் இரையைக் கொன்ற இடங்களையாவது பார்க்க முடியுமா?

முதல் கேள்விக்குப் பதில், அநேகமாகக் கிடைக்காது என்பதே. கல் தாங்குவதை எலும்பு தாங்குவதில்லை. செம்புராங்கல் மண்ணும் பருவமழையும் சேர்ந்து எலும்பைக் கரைத்துவிடுவதால், கருவிகள் ஏராளமாகக் கிடைக்கும் அதிரம்பாக்கத்திலேயே சில விலங்குப் பற்களின் புதைபடிவங்கள்தாம் கிடைத்துள்ளன. அதனால்தான், ஆதிமனிதர் விட்டுச்சென்ற எலும்பு கெடாமல் கிடைக்கும் வெளிநாட்டு இடங்களில், அதிலுள்ள கீறல்களை உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் படிக்கிறார்கள்: கல்லின் கூர்முனை இழுத்த கீறல் குறுகி ஆழ்ந்திருக்கும், விலங்கின் பல் பதித்த தடம் அகன்று வழவழப்பாக இருக்கும், முள்ளம்பன்றி கொறித்ததோ இணைகோடுகளாக, சீப்பால் வாரியதுபோல இருக்கும்.

இரண்டாவது கேள்வி. குடியம் காப்புக் காட்டுக்குள் இருப்பதால் வனத்துறையின் அனுமதி பெற்றே செல்ல வேண்டும். அங்கே புலியை எதிர்பார்க்காதீர்கள். நரி, கீரி, காட்டுப்பூனை போன்றவற்றின் மிச்சங்களே கண்ணில் படும். முதுமலை போன்ற காடுகளில் வேட்டைத் தடுப்புக் காவலர்கள் 'அடிச்ச இடம்' என்று சொல்லும் இடத்தைப் படிப்பது தனி வித்தை. தொண்டையில் கோரைப்பல் குத்திய துளைகள், இழுத்துச் சென்றதால் படுத்துவிட்ட புல், இரைப்பையைத் தனியே ஒதுக்கிவிட்டுப் பின்தொடையிலிருந்து தின்னத் தொடங்கியிருப்பது ஆகியவை புலியைக் காட்டும். மரக்கிளையில் தொங்கும் மான் பெரும்பாலும் சிறுத்தையின் வேலை. செந்நாய்க் கூட்டம் தின்ற இடத்தில் மண்டையும் தோலும் தவிர அதிகம் மிஞ்சாது. ஆனால் இவற்றைக் காவலரின் பின்னால் நின்று கேட்டறிவதே முறை, ஏனெனில் பாதி தின்ற இரைக்குச் சொந்தக்காரர் பெரும்பாலும் அருகிலேயே படுத்திருப்பார்.

உங்கள் மகனுக்கு ஆர்வம் இருந்தால், அம்பத்தூரிலிருந்து தொலைவென்றாலும், நன்மங்கலம் காப்புக் காட்டை முதலில் பரிந்துரைப்பேன். அங்குள்ள பழைய கற்குவாரியில் கொம்பன் ஆந்தைகள் வாழ்கின்றன. ஆந்தை எலியை விழுங்கி, செரிக்காத மயிரையும் எலும்பையும் கட்டைவிரல் நீளத்துக்கு உருண்டையாகக் கக்கிவிடும். பாறையடியில் கிடக்கும் அத்தகைய உருண்டையொன்றைக் கிட்ட நின்று பார்த்தால், சாம்பல்நிற மயிர்ப்பொதிக்குள் எலியின் கீழ்த்தாடையும், அதில் மஞ்சளேறிய வெட்டுப்பல்லும் ஊசிமுனைபோல நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். கூடு இருக்கும் பாறைமுகட்டை மட்டும் நெருங்க வேண்டாம்.

தாம்பரம் வாசகர் ஒருவர்: காட்டில் தானாக உதிர்ந்து கிடந்த மான்கொம்பை எடுத்து வரவேற்பறையில் மாட்டலாமா?

கூடாது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அது அரசின் உடைமை. தானாக உதிர்ந்தது என்ற காரணம் செல்லாது. மயிலின் வால் இறகுக்கு மட்டும் அந்தச் சட்டத்தில் சலுகை உண்டு, அதனால்தான் கோயில் வாசல்களில் மயிலிறகு விற்கிறார்கள்.

மயிலாப்பூர் வாசகி ஒருவர்: ஏழாம் வகுப்பு மகளுக்கு இந்தக் கருவிகளை நேரில் காட்ட எங்கே அழைத்துச் செல்வது?

எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு முதலில் போங்கள். ஃபூட் வாழ்நாளெல்லாம் திரட்டிய தொகுப்பை 1904இல் சென்னை அரசு விலைக்கு வாங்கி அங்கு சேர்த்தது. பூண்டி நீர்த்தேக்கத்தருகே மாநிலத் தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது. சிறியது என்றாலும், கருவிகள் கிடைத்த நிலத்துக்கு நடுவிலேயே அமைந்திருப்பதால் குழந்தைகளுக்கு அது கூடுதலாகப் பிடிக்கும். விடுமுறை நாளை முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள்.