அவன்தான் ஓடுறானே!

கேள்வி: என் மகனுக்கு 10 வயது. வாரத்தில் நான்கு நாள், ஒன்றரை மணி நேரம் ஃபுட்பால் பிராக்டிஸ். ஒல்லியாக, சுறுசுறுப்பாக இருக்கிறான். சனிக்கிழமை பிராக்டிஸ் முடிந்ததும் அவன் அப்பா பர்கர், ஃபிரைஸ், கோலா என்று ஒரு காம்போ வாங்கிக் கொடுத்துத்தான் வீட்டுக்கு அழைத்து வருவார். புதன்கிழமை எனக்கு வேலை முடிய நேரமாகிவிடும், அதனால் பீட்சா. மாதத்தில் இரண்டு மேட்ச் இருக்கும். ஜெயித்தாலும் தோற்றாலும் டீமோடு சேர்ந்து பொரித்த சிக்கன். நான் முணுமுணுத்தால், "எப்பவாவதுதானே? அவன்தான் ஓடுறானே, எல்லாம் கரைஞ்சிடும்" என்கிறார் கணவர். கோச்சும் அதையேதான் சொல்கிறார். போன வாரம் என் மகள் தம்பியின் ஃபிரைஸில் கை வைத்தாள். அவளுக்கு 13 வயது, விளையாட்டில் ஆர்வமில்லை, எந்நேரமும் படம் வரைந்துகொண்டிருப்பாள். "அவன் ஓடுறான், நீ ஓடலையே" என்று என் வாயில் வந்துவிட்டது. எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். விளையாடுகிற பிள்ளைகளுக்கு எப்போதாவது ஃபாஸ்ட் ஃபுட் கொடுப்பது சரியா, தவறா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள தோழி,

நீங்கள் கேட்டதற்கு மட்டும் பதில் வேண்டுமென்றால் ஒரு வரி போதும். எப்போதாவது கொடுப்பதில் தவறில்லை. நன்றாகச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்கி, நன்றாக வளர்கிற பிள்ளையை ஒரு பர்கர் ஒன்றும் செய்துவிடாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் கேள்வியைவிடப் பெரிதாக இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று, அந்த 'எப்பவாவது'. இன்னொன்று, மகளிடம் சொன்ன அந்த ஒரு வாக்கியம்.

முதலில் 'எப்பவாவது'. நீங்கள் எழுதியதையே வைத்துக் கூட்டிப் பார்த்தேன். சனிக்கிழமை நான்கு, புதன்கிழமை நான்கு, மேட்ச் இரண்டு. மாதத்துக்குப் பத்து. பிறந்தநாள் விழாக்களை நீங்கள் எழுதவே இல்லை, அவை தனி. மூன்று நாளைக்கு ஒரு முறை நடப்பதற்கு 'எப்பவாவது' என்று பெயர் வைத்தால் பாவம் அந்தச் சொல்தான் என்ன செய்யும்! உங்களைக் கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. என் பிள்ளைகள் சின்னவர்களாக இருந்தபோது நானும் "மாசத்துக்கு ஒண்ணு ரெண்டுதான்" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு மாதம் வெளியில் வாங்கிய நாட்களிலெல்லாம் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் புள்ளி வைத்தேன். மாதக் கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஏழு. காலண்டரைத் திருப்பி மாட்டிவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நீங்களும் ஒரு மாதம் புள்ளி வைத்துப் பாருங்கள். கணவரிடம் வாதம் செய்வதைவிட அந்தக் காலண்டரைக் காட்டுவது சுலபம்.

அடுத்து, 'கரைஞ்சிடும்' என்ற கணக்கு. சுமார் 30 கிலோ எடையுள்ள பையன் ஒரு மணி நேரம் நிற்காமல் ஃபுட்பால் ஆடினால் ஏறக்குறைய 200 முதல் 250 கலோரி செலவாகும். பிராக்டிஸில் நிற்காமல் ஆடுகிறவர்கள் யார்? ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். வரிசையில் நின்று முறைக்குக் காத்திருப்பான், கோச் பேசுவதைக் கேட்பான், அவிழ்ந்த லேஸைக் கட்டுவான், வேலிக்கு அந்தப் பக்கம் போன பந்துக்காக நிற்பான். ஒரு பர்கர், நடுத்தர அளவு ஃபிரைஸ், நடுத்தர அளவு கோலா மூன்றும் சேர்ந்தால் சுமார் 800 முதல் 1,000 கலோரி. அன்றைய பிராக்டிஸ் அதைக் கரைத்துவிடும் என்பது ஆசைதான்.

உங்கள் கணவருக்காகவும் ஒன்று சொல்ல வேண்டும், அவர் சொல்வது முழுக்கத் தவறில்லை. அமெரிக்க அரசின் உணவு வழிகாட்டியின்படி, அதிகம் அசையாத 10 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்குச் சுமார் 1,600 கலோரி தேவை. நன்றாக ஓடியாடுகிறவனுக்குச் சுமார் 2,200. வித்தியாசம் 600. ஆக, ஓடுகிற பிள்ளையின் வயிற்றில் இடம் இருப்பது உண்மைதான். அந்த இடத்தை எதைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் எனக்கும் அவருக்கும் வழக்கு. ஓடுகிறவனுக்குத் தசை வளர வேண்டும், எலும்பு கெட்டிப்பட வேண்டும், ரத்தத்தில் இரும்புச்சத்து குறையாமல் இருக்க வேண்டும். அப்படியிருக்க வாரத்தில் இரண்டு மூன்று வேளையை காய், பழம், நார்ச்சத்து எல்லாம் பேருக்கு மட்டுமே இருக்கிற தட்டுக்குக் கொடுத்துவிடுகிறோம். உப்பு வேறு. பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் இருக்கட்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், பிள்ளைகளுக்கு அதைவிடக் குறைவு. பெரியவர்களுக்கான அந்த அளவில் பாதியை ஒரே காம்போ தொட்டுவிடுவது சர்வசாதாரணம். பிள்ளை ஒல்லியாக இருப்பதை வைத்து இதையெல்லாம் கண்டுபிடிக்க முடியாது.

இன்னொரு கணக்கும் போட்டேன். நான்கு நாள், ஒன்றரை மணி நேரம் என்றால் வாரத்துக்கு 6 மணி நேரம். 5 முதல் 17 வயது வரையுள்ள எல்லாப் பிள்ளைகளும் சராசரியாகத் தினம் 60 நிமிடம் வேர்க்க விளையாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதாவது வாரத்துக்கு 7 மணி நேரம். உங்கள் பையன் பள்ளியிலும் தெருவிலும் ஆடுவதைச் சேர்த்தால் அதை எட்டிவிடுவான், சந்தோஷம். ஆனால் இது ஏதோ தனிச் சலுகை கேட்கிற அளவுக்கான உழைப்பு இல்லை. ஒரு சாதாரணப் பிள்ளைக்கு வேண்டிய சாதாரண அளவு. வீட்டில் ஒருவன் ஜெர்சி போட்டுக்கொண்டு திரிவதால் நமக்கு அது பெரிய உழைப்பாகத் தெரிகிறது.

நான் உங்கள் வீட்டில் இருந்தால் முதலில் கை வைப்பது பர்கரில் இல்லை, கோலாவில். 330 மில்லி டின் ஒன்றில் சுமார் 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரில் டீஸ்பூனால் எட்டு, ஒன்பது முறை சர்க்கரை அள்ளிப் போட்டுக் கலக்குங்கள். நாலாவது ஸ்பூனிலேயே கை கூசும். சேர்க்கப்படும் சர்க்கரை 2 முதல் 18 வயது வரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருக்கட்டும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2016இல் சொன்னது. ஒரே டின்னில் அது தாண்டிவிடுகிறது. அதைக் குடித்ததால் வயிறு நிறைந்ததாகப் பிள்ளைக்குத் தோன்றுவதும் இல்லை; பர்கரில் ஒரு வாய்கூடக் குறைவாகச் சாப்பிட மாட்டான். உறிஞ்சு குழாயை வாயில் வைத்தபடி வீடு வந்து சேரும்வரை துளித்துளியாக உறிஞ்சினால் பல்லுக்கு அதைவிடக் கெடுதல் வேறில்லை. காம்போவில் கோலாவுக்குப் பதில் தண்ணீர் அல்லது பால் என்று மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஸ்போர்ட்ஸ் டிரிங்க்கும் ஒன்றரை மணி நேரப் பிராக்டிஸுக்குத் தேவையில்லை, தண்ணீர் போதும். எனர்ஜி டிரிங்க் என்று கேட்டால் மட்டும் பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். பிள்ளைகளுக்கு அது கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2011லேயே சொல்லிவிட்டது.

அப்புறம், நேரம். மேட்சுக்கு முன்னால் பொரித்தது வேண்டவே வேண்டாம். கொழுப்பு வயிற்றை விட்டு இறங்க நேரம் எடுக்கும், பையன் பந்தைத் துரத்துவதற்குப் பதில் ஏப்பம் விட்டுக்கொண்டிருப்பான். பிராக்டிஸ் முடிந்த பிறகுதான் உண்மையான சிக்கல். கேட்டைத் தாண்டும்போதே "பசிக்குது" என்று ஆரம்பிப்பான். அப்பாவுக்கும் பசி, களைப்பு. வழியில் பலகை வெளிச்சமாகத் தெரிகிறது, காரைத் திருப்பாமல் என்ன செய்வார்? இங்கே யாருடைய மன உறுதியையும் சோதிக்க வேண்டாம். கிட் பேகின் பக்கவாட்டுப் பையில் இரண்டு வாழைப்பழம், வேகவைத்த முட்டையோ ஒரு கைப்பிடி கடலையோ, ஒரு பாட்டில் தண்ணீர். கேட்டைத் தாண்டுவதற்குள் அது அவன் வாய்க்குள் போயிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஓடிக் களைத்த தசை முதலில் கேட்பது மாவுச்சத்தும் கொஞ்சம் புரதமும்; அது ஃபிரைஸாக வர வேண்டிய கட்டாயம் எதுவுமில்லை. அரை மணி நேரம் பசி அடங்கினால் வீடு வந்து சேர்ந்துவிடலாம். (வாழைப்பழம் பைக்குள்ளேயே மறந்துபோய், அடுத்த வாரம் ஷூவோடு சேர்ந்து கறுப்பாக வெளியே வரும். அதற்கு நான் பொறுப்பில்லை.) புதன்கிழமைக்கும் இதே மாதிரி ஓர் ஏற்பாடு வேண்டும். செவ்வாய் இரவு கொஞ்சம் கூடுதலாகச் சமைத்து எடுத்து வையுங்கள், சூடு பண்ணிக்கொள்ளும் வேலையை அவர்கள் மூவரும் பார்த்துக்கொள்ளட்டும்.

இதையெல்லாம் படித்துவிட்டு "இனி வீட்டில் ஃபாஸ்ட் ஃபுட்டே கிடையாது" என்று நாளைக்கே சட்டம் போட்டுவிடாதீர்கள். 1999இல் ஃபிஷர், பிர்ச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் சின்னப் பிள்ளைகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு தின்பண்டத்தைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு 'இப்போது கிடையாது' என்று தடுத்தபோது, பிள்ளைகளின் பேச்சும் கவனமும் கையும் அதைத் தேடியே போயின. தாய்மார்களுக்கு இது ஆய்வு இல்லாமலே தெரியும். பூட்டி வைத்த டப்பாவுக்குத்தான் மவுசு. இன்று தடை போட்டால், சில வருடங்களில் கையில் காசு வந்ததும் நண்பர்களோடு உட்கார்ந்து இரண்டு பர்கராகச் சாப்பிடுவான், உங்களிடம் சொல்லவும் மாட்டான்.

எத்தனை முறை கொடுக்கலாம் என்பீர்கள். 'மாதத்துக்கு இத்தனை பர்கர்' என்று எந்தச் சுகாதார அமைப்பின் பரிந்துரையையும் நான் காட்டப்போவதில்லை. என் கணக்கு, இது என் அபிப்பிராயம் மட்டுமே: மாதத்துக்கு இரண்டு, நண்பன் பிறந்தநாள் வந்தால் மூன்று. வாங்கும்போது சின்ன அளவு. 'இன்னும் கொஞ்சம் சேர்த்தால் பெரிய சைஸ்' என்று கவுன்ட்டரில் கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஃபிரைஸ் ஒன்றே ஒன்று, எல்லோருக்கும் நடுவில். காரில் இல்லாமல் மேசையில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். மென்மையான, மெல்லவே வேண்டாத சாப்பாடு வேகமாக இறங்கும். வயிறு 'போதும்' என்று சொல்வதற்குள் தட்டு காலியாகியிருக்கும். அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் 2019இல் 20 பெரியவர்களுக்கு, இரண்டு வாரம் தொழிற்சாலைப் பக்குவத்தில் வந்த உணவும் இரண்டு வாரம் சாதாரணச் சமையலும் கொடுத்துப் பார்த்தார்கள். வேண்டிய அளவு சாப்பிடலாம் என்று சொல்லியிருந்தார்கள். தொழிற்சாலை உணவு கொடுத்த நாட்களில் அவர்கள் வேகமாகச் சாப்பிட்டார்கள், தினம் சுமார் 500 கலோரி கூடுதலாகவும் உள்ளே போனது. பெரியவர்களுக்கே அப்படியென்றால், அடுத்த நிமிஷம் எழுந்து ஓடத் துடிக்கிற 10 வயதுக்காரனைச் சொல்ல வேண்டுமா?

இப்போது மகள். உங்கள் கடிதத்தை மூன்றாவது முறை படித்தபோதும் அவள் எடுத்ததைத் திரும்ப வைத்த இடத்தில்தான் நின்றேன். "நீ ஓடலையே" என்றபோது உங்கள் மனதில் அவள் உடம்பைப் பற்றிய கவலை இருந்திருக்கும், புரிகிறது. ஆனால் அவள் காதில் விழுந்தது 'இந்த வீட்டில் சாப்பாடு கூலி, உனக்குக் கூலி கிடையாது' என்பதுதான். 13 வயதில் உடம்பு தினம் மாறிக்கொண்டிருக்கும், கண்ணாடி முன்னால் நிற்கும் நேரம் கூடும், யார் எதைச் சொன்னாலும் உள்ளே போய்த் தைக்கும். மாதவிடாய் தொடங்கிவிட்டால் இரும்புச்சத்துத் தேவை தம்பியைவிட அவளுக்கு அதிகம். எலும்பு கெட்டிப்படுகிற வயதும் இதுதான். ஓடாவிட்டாலும் அவளும் வளர்கிற பிள்ளை. கூச்சப்படாமல் போய், "அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்று சொல்லிவிடுங்கள். விளக்கம் நீளமாக வேண்டாம், அந்த வயதுக்கு அது பிடிக்காது.

மகனுக்கும் அந்தக் கணக்கு நல்லதில்லை. 'ஓடினேன், அதனால் சாப்பிடுகிறேன்' என்று பழகினவனுக்கு நாளைக்குக் கால் சுளுக்கி ஆறு வாரம் உட்கார வேண்டி வந்தால்? ப்ளஸ் டூ படிப்புக்காக விளையாட்டை விட்டுவிட்டால்? ஓட்டம் அன்றோடு நிற்கும், கேட்கிற நாக்கு நிற்காது. அவன் ஓடுவது ஓட்டம் பிடித்திருப்பதால் என்றே இருக்கட்டும். பர்கர் சாப்பிடுவது பர்கர் பிடித்திருப்பதால். இரண்டுக்கும் நடுவில் நாம் முடிச்சுப் போடாமல் இருந்தால் போதும்.

கணவரிடம் இதைச் சண்டையாக எடுத்துப் போக வேண்டாம். சனிக்கிழமை அந்த அரை மணி நேரம் அவருக்கும் மகனுக்குமான நேரமாக இருக்கலாம், பர்கர் அதற்கு ஒரு சாக்கு. அந்த நேரத்தைப் பிடுங்கிக்கொண்டு சாப்பாட்டை மட்டும் திருத்தினால் யாருக்கும் பிடிக்காது. வீட்டுக்கு வரும் வழியில் வேறு எதற்காகவாவது இறங்கட்டும், பூங்காவோ நூலகமோ.

பிள்ளைக்கு எப்போதும் அசதி, அடங்காத தாகம், எடை திடீரென்று ஏறுவது இறங்குவது என்று ஏதாவது இருந்தாலோ, குடும்பத்தில் இளம் வயதிலேயே இதய நோய் வந்தவர்கள் இருந்தாலோ, என் கணக்கை ஓரம் வைத்துவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் போங்கள்.

இந்த மாதத்துக்கான இரண்டில் ஒன்றை எந்த நாளில் வைக்கலாம், எங்கே போகலாம் என்று மகளையே சொல்லச் சொல்லுங்கள். பிராக்டிஸ் இல்லாத நாளாக மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நால்வரும் போங்கள், ஃபிரைஸை நடுவில் வையுங்கள்.