தொடர்ச்சி: 0 நாட்கள்

அன்புள்ள ஐயா,

வேதாகமத்தை ஒரே வருடத்தில் வாசித்து முடிக்கும் திட்டத்தைப் பின்பற்றுகிறேன். ஒரு நாளைக்கு நான்கு அதிகாரம். இது மூன்றாவது முயற்சி. மூன்று முறையும் லேவியராகமத்தில்தான் நின்றுபோனேன். இந்த முறை பதினொரு நாள் விட்டுப்போய்விட்டது. வேலை முடிந்து படுக்கவே நள்ளிரவு ஆகிறது. ஆனாலும் நாலரைக்கு அலாரம் வைக்கிறேன். முழங்காலில் நின்றால் அப்படியே தூங்கிவிடுகிறேன். செல்போன் செயலியில் "தொடர்ச்சி: 0 நாட்கள்" என்று வருகிறது. அதைத் திறக்கவே வெட்கமாக இருக்கிறது. முன்பு ஜெபத்தில் கண்ணீர் வரும், இப்போது சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது. வேலை செய்துகொண்டே ஜெபித்தால் போதும் என்கிறார் ஒரு நண்பர். போதுமா? நான் பின்வாங்கிப் போய்விட்டேனா? லேவியராகமத்தை விட்டுவிட்டு மேலே போகலாமா?

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நாலரை, நான்கு, பதினொன்று, பூஜ்யம் என்று ஒரே எண்களாக இருக்கின்றன. இந்த மூன்று வருடத்தில் உங்களை நிறுத்திய ஒரு வசனம்கூட அதில் இல்லை.

குறை சொல்லவில்லை. நானும் அப்படி இருந்தவன்தான். என்னிடம் ஒரு நோட்டு இருந்தது. வாசித்த அதிகாரங்களுக்கு எதிரே பென்சிலால் டிக் போடுவேன். ஓர் இரவு பன்னிரண்டு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது அன்றைய கணக்கு பாக்கி என்று நினைவு வந்தது. லேவியராகமம் 13. குஷ்டரோகத்தைச் சோதிக்கும் விதிகள், 59 வசனங்கள். வாயில் பிரஷ்ஷோடு நின்றபடியே வாசித்து, டிக் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் யோசித்தால் ஆசாரியன் பார்த்தான், திரும்பப் பார்த்தான் என்பதைத் தவிர ஒன்றும் நினைவில் இல்லை. டிக் வரிசை மட்டும் குலையாமல் நின்றது. அது எனக்குத் திருப்தியாகவும் இருந்தது என்பதுதான் இன்றைக்கும் கூச்சமாக இருக்கிறது.

நீங்கள் பின்பற்றும் திட்டம் அநேகமாக ஸ்காட்லாந்தின் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மர்ரே மெக்ஷெய்ன் 1842-ல் தன் சபையாருக்காகப் போட்டுக்கொடுத்ததாக இருக்கும். பழைய ஏற்பாடு வருடத்துக்கு ஒருமுறை, புதிய ஏற்பாடும் சங்கீதங்களும் இரண்டு முறை. அட்டவணையோடு அவர் ஓர் எச்சரிக்கையும் சேர்த்து எழுதியிருந்தார். இது வெறும் சடங்காகிவிடலாம். முடித்தவனுக்குச் சுயநீதி வரலாம். கவனமில்லாமல் வாசிக்கப் பழகிவிடலாம். சிலருக்குத் தூக்க முடியாத நுகமாகிவிடலாம். திட்டத்தைப் போட்டவரே சொன்னது. ஆக, உங்கள் கதை அவருக்கு ஆச்சரியமாக இருந்திருக்காது.

அப்புறம் அந்த நாலரை மணி. இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார் என்று மாற்கு முதல் அதிகாரத்தில் இருக்கிறது, உண்மை. லூக்கா ஆறாம் அதிகாரத்தில் அவர் இரா முழுதும் ஜெபித்ததும் இருக்கிறது. ஈசாக்கு வயலுக்குத் தியானம் பண்ணப் போனது சாயங்காலத்தில். தானியேல் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டான். எந்த மணிக்கும் தனிப் பரிசுத்தம் கிடையாது. நள்ளிரவில் படுப்பவர் நாலரைக்கு எழுந்தால் தூங்கத்தான் செய்வார். எலியா தீர்க்கதரிசியைப் பாருங்கள். சூரைச்செடியின் கீழ் படுத்து "போதும் கர்த்தாவே" என்றபோது அவருக்கு உபதேசம் வரவில்லை. தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து சாப்பிடு" என்றான். தழலில் சுட்ட அடை, தண்ணீர், மறுபடி தூக்கம், மறுபடியும் சாப்பாடு. தேவனுடைய மெல்லிய சத்தம் வந்தது அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில். அலாரத்தை மாற்றிவிடுங்கள். தூக்கம் சரியான பிறகும் எதிலுமே பிடிப்பில்லாமல் வாரக்கணக்கில் இருந்தால் ஒரு மருத்துவரைப் பாருங்கள். அதையும் ஜெபக்குறைவு என்று சொல்பவர்களிடம் கொஞ்சம் விலகியே இருங்கள்.

சரி, சுவர். உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த வார்த்தைதான். சுவரோடு பேசுவதுபோல் இருக்கிறது என்று எனக்கு எழுதிவிட்டீர்கள். தேவனிடம் சொன்னீர்களா? 13-ம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்றுதான் தொடங்குகிறது. ஸ்தோத்திரம் இல்லை, முகவுரை இல்லை. முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்பது திரும்பத் திரும்ப வருகிறது. கொடுத்த கடனைக் கேட்டு வாசலில் நிற்பவன் பேச்சு மாதிரி. மூன்றாம் வசனத்தில்தான் விண்ணப்பம். ஐந்தாவதில் திடீரென்று உம்முடைய கிருபையை நம்பியிருக்கிறேன் என்கிறான். நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில் என்ன நடந்தது? எழுதப்படவில்லை. அந்த இடைவெளி ஒரு நிமிடமா, ஒரு வருடமா? சொல்லவில்லை. 88-ம் சங்கீதத்தில் அந்தத் திருப்பம்கூட வராது, இருட்டிலேயே முடிந்துவிடும். அதையும் யாரும் பிய்த்தெறியவில்லை. தேவாலயத்தில் பாடும் பாட்டுகளுக்குள் வைத்திருந்தார்கள்.

பின்வாங்கிப் போனவர் இப்படியெல்லாம் கேட்டு எழுதமாட்டார் என்பது என் எண்ணம். உங்களுக்கு நேர்ந்தது வேறு. பேச்சு நின்று கணக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில்கூட இது நடக்கும். தினமும் சந்திக்கிறோம், கேட்டதற்குப் பதில் சொல்கிறோம், ஆனால் பேசி மாதக்கணக்காகியிருக்கும்.

கொஞ்ச காலத்துக்குச் சின்னதாகச் செய்து பாருங்கள். வேலையிலிருந்து வந்து, படுக்கையில் சாய்வதற்கு முன் பத்து நிமிடம். கதவைச் சாத்துங்கள், செல்போன் வெளியே இருக்கட்டும். ஒரு சங்கீதம், வாய்விட்டு, மெதுவாக. முதலாம் சங்கீதத்தில் "இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற" என்று வரும் இடத்தில் எபிரெயச் சொல் மௌனத்தைக் குறிப்பதில்லை. வாய்க்குள் முணுமுணுப்பதைக் குறிக்கும். ஏசாயா 31-ல் இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும் அதே சொல்தான். எந்த வரி தடுக்கிவிடுகிறதோ அங்கேயே நின்றுவிடுங்கள். அதைப் பற்றி உண்மையாக உள்ளதை நாலு வார்த்தை அவரிடம் சொல்லுங்கள். தூக்கம் வருகிறது என்பது உண்மையானால் அதையே சொல்லலாம். ஆறாம் நூற்றாண்டில் தன் துறவிகளுக்கு வாரத்துக்கு 150 சங்கீதமும் பாடியாக வேண்டும் என்று விதித்த பெனடிக்டே, ஜெபம் சுருக்கமாகவும் தூய்மையாகவும் இருக்கட்டும் என்றுதான் எழுதிவைத்தார்.

உங்கள் நண்பர் சொன்னது பாதி சரி. பாரிஸ் மடத்துச் சமையலறையில் பாத்திரங்களுக்கு நடுவே தேவ பிரசன்னத்தில் இருந்த சகோதரர் லாரன்ஸைத்தான் எல்லோரும் இதற்குத் துணைக்கு அழைப்பார்கள். அவர் இருந்தது மடம் ஐயா! மணியடித்தால் ஜெபத்துக்குப் போயாக வேண்டும். அந்த நேரங்களின் மேல் நின்றுதான் அவருடைய சமையலறை ஜெபம் வளர்ந்தது.

செயலியை எடுத்துவிடுங்கள், அல்லது அந்த எண்ணை மறைக்க வழியிருந்தால் மறைத்துவிடுங்கள். விட்டுப்போன பதினொரு நாளை உட்கார்ந்து ஈடுகட்ட வேண்டாம். 44 அதிகாரம் சேர்த்து வாசித்தால் என் பிரஷ் கதைதான் நடக்கும்.

லேவியராகமம் கேட்டிருந்தீர்கள். தாராளமாக விட்டுவிட்டு மேலே போங்கள். பிறகு என்றாவது ஆசை வந்தால் 19-ம் அதிகாரத்திலிருந்து ஆரம்பியுங்கள். வயலின் ஓரத்தை எளியவனுக்கு விட்டுவிடு, கூலிக்காரன் கூலியை விடியற்காலம் வரை உன்னிடம் வைத்திராதே என்றெல்லாம் வரும். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பதும் அங்கேதான் இருக்கிறது, 18-ம் வசனத்தில். மூன்று முறையும் அதற்குக் கொஞ்சம் முன்னால் நின்றுவிட்டீர்கள் போல.