கடவுளுக்கு உண்மையா இருக்கணும்னு ஆசை இருக்கு, ஆனா சோதனையோட முதல் படியிலயே எப்படி நிறுத்திக்கறது?

கேள்வி கேட்டவர், "பெருசா பாவம்னு எதுவும் செய்யல, ஆனா கொஞ்சம் கொஞ்சமா ஆண்டவரை விட்டு விலகிப் போற மாதிரி இருக்கு, எந்த இடத்துல நிக்கணும்னு தெரியல"ன்னு எழுதியிருக்கார். பதில் எழுத வேணாம்னு ரெண்டு நாள் இருந்து பாத்தேன், முடியல.

நீங்க எதுல மாட்டியிருக்கீங்கன்னு சொல்லல. செல்போனா, குடியா, வேற யார் மேலயாவது மனசு போகுதா, தெரியல. ஆனா எந்த இடத்துல நிக்கணும்னு கேக்கறவங்க பெரும்பாலும் அந்த இடத்தைத் தாண்டி ரெண்டு அடி போயிருப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க, நான் அப்படித்தான் போயிருந்தேன்.

எங்களுக்கு நீலகிரிதான், ஆனா நீங்க டூர் வர்ற ஊட்டி, குன்னூர் பக்கம் இல்ல. பந்தலூர் தாலுகா, அய்யன்கொல்லி கிட்ட, கேரளா பார்டர். சிலோன் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பறதுக்குப் போட்ட 1964 சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தப்படி அங்க இருந்து வந்தவர் அப்பா. ஊட்டிக்குப் போய் வரணும்னா அன்னைக்குப் பொழுது போயிடும், அதனால ஆஸ்பத்திரி, துணிமணி எல்லாத்துக்கும் பார்டர்ல இருக்கற தாளூர்ல இறங்கி அந்தப் பக்கம் பஸ் மாறி கேரளாவுல இருக்கற சுல்தான் பத்தேரி போறதுதான் எங்க ஆளுங்க வழக்கம். தமிழ்நாட்டுல லாட்டரியை 2003லயே தடை பண்ணிட்டாங்க, கேரளாவுல 1967ல இருந்து அரசாங்கமே நடத்துது. எங்க ஊர்க்காரங்களுக்கு நடுவுல ஒரு செக்போஸ்ட்தான்.

2018ல அம்மாவுக்குக் கண்ணுல புரை, மாசம் ரெண்டு தடவை பத்தேரி போக வேண்டி இருந்துச்சு. பஸ் வர்ற வரைக்கும் தாளூர்ல ஒரு டீக்கடை பெஞ்சுல உக்காருவோம். கடை வாசல்ல ஒருத்தர் பலகையில வரிசையா கிளிப்பு போட்டு லாட்டரி டிக்கெட் தொங்க விட்டிருப்பார், காத்துல படபடன்னு அடிக்கும். நான் வாங்கல. ஆறு மாசம் ஒரு டிக்கெட் கூட வாங்கல. பேப்பர்ல ரிசல்ட் வரும், மலையாளம் படிக்கத் தெரியாது, நம்பர் தெரியுமில்லையா, சும்மா பாப்பேன். மனசுக்குள்ள ஒரு நாலு நம்பரை நினைச்சு வெச்சுக்குவேன், அடுத்த தடவை வரும்போது அது வந்திருக்கான்னு தேடுவேன். காசு போடல, யாரையும் ஏமாத்தல, பத்துக் கட்டளையில ஒன்னையும் மீறல. எனக்கு முதல் படி அந்த பெஞ்சுதான். டிக்கெட் வாங்கினது நாலாவதோ அஞ்சாவதோ படி.

அப்புறம் என் கூட தேயிலை ஏத்தற ஒரு பையன், அண்ணே ஆளுக்கு பாதி போடலாம்னான். அப்ப டிக்கெட் 30 ரூபா, எனக்கு 15 ரூபாதானேன்னு போட்டேன். மூணாவது டிக்கெட்ல கடைசி நாலு நம்பர் சரியா வந்து 100 ரூபா விழுந்துச்சு. அந்த நூறு ரூபா விழாம இருந்திருந்தா நான் அதோட விட்டிருப்பேன்னு இன்னைக்கும் நம்பறேன். ஒரு வருஷத்துக்குள்ள வாரம் அஞ்சு டிக்கெட்டுன்னு ஆயிடுச்சு. அம்மாவுக்குக் கண்ணு சரியானப்புறமும் ஏதாவது காரணம் சொல்லிட்டு தாளூர் போவேன்.

இங்க சிலர் சண்டைக்கு வருவீங்கன்னு தெரியும். கேரளாவுல அது சட்டப்படி நடக்கற விஷயம், கால் முடியாதவங்க எத்தனையோ பேர் அந்த டிக்கெட்டை வித்துத்தான் சாப்பிடறாங்க, அவங்களை நான் ஒரு வார்த்தை சொல்லல. பைபிள்ல யூதாஸ் இடத்துக்கு மத்தியாவைச் சீட்டுப் போட்டுத்தானே அப்போஸ்தலனா எடுத்தாங்கன்னும் கேப்பீங்க. அவங்க ஜெபம் பண்ணிட்டு ஆண்டவர் யாரைக் காட்டறார்னு தெரிஞ்சுக்கப் போட்டாங்க, எனக்கு பணம் விழணும்னு போடல. டீக்கடையில உக்காந்ததே பாவம்னும் நான் சொல்லல. உங்களுக்கு அந்த பெஞ்சு வெறும் பெஞ்சாவே இருக்கலாம், எனக்கு இல்ல.

ஏன் இதுல போய் விழுந்தேன்னு கேட்டா இன்னொன்னும் சொல்லியாகணும், கேள்விக்கு சம்பந்தம் இல்லன்னாலும் பரவாயில்ல. நாங்க இலை போட்டிருக்கற அரை ஏக்கர் செக்‌ஷன் 17 நிலம். கூடலூர், பந்தலூர்காரங்களுக்கு இது போதும், மத்தவங்களுக்கு சொல்றேன், 1969ல ஜென்மம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் (ஜமீன் மாதிரி பரம்பரையா இருந்த நிலங்களை அரசாங்கம் எடுத்துக்கற சட்டம்) வந்துச்சு, அதுல 17ஆவது பிரிவுக்குள்ள வர்ற நிலத்துக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு முடிவு கிடையாது. பட்டா இல்ல, பட்டா இல்லாததால பேங்க்ல லோன் இல்ல, கரண்ட் கனெக்‌ஷனுக்கு அலைஞ்சு அலைஞ்சு செத்தவங்க இருக்காங்க. அதுல அப்போ பச்சைத் தேயிலை கிலோ 11, 12 ரூபா, மழைக் காலத்துல ஃபேக்டரியில ஈரம்னு சொல்லி நூறு கிலோவுக்கு பத்து கிலோ கழிப்பான், கேட்டா எடுத்துட்டுப் போன்னுவான், பறிச்ச இலையை எங்க எடுத்துட்டுப் போறது? இப்படி இருக்கறவன் கிட்ட ஒரே நாள்ல எல்லாம் மாறும்னு ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டினா மனசு போகும். இது சாக்கு இல்ல. எங்க சபையில இதே நிலத்தை வெச்சிருக்கறவங்க நிறைய பேர், அவங்க யாரும் போகல.

பணம் போனதை விட எனக்கு வலிக்கறது என் ஜெபம் கெட்டுப் போனதுதான். குலுக்கல் சாயங்காலம் மூணு மணிக்கு. ஞாயித்துக்கிழமையும் உண்டு. வீட்டு ஜெபக் கூட்டத்துல கண்ணை மூடி உக்காந்திருப்பேன், மணி மூணு ஆயிடுச்சான்னுதான் மனசுல ஓடும். அதுக்கும் மேல போய், ஆண்டவரே விழ வைங்க, தசமபாகம் கண்டிப்பா தரேன், சபைக் கூரையை மாத்தித் தரேன்னு பேரம் பேச ஆரம்பிச்சேன். அப்பவும் ஆலயத்துக்குத் தவறாம போனேன், பாட்டு பாடினேன், காணிக்கை எண்ணறதுக்கு என்னையத்தான் கூப்பிடுவாங்க. பாக்கறவங்களுக்கு நான் ரொம்ப பக்தியான ஆளு. ஆனா நாளைக்கு எங்க குடும்பத்தை யார் காப்பாத்துவான்னு நான் நம்பினது அந்த நம்பரைத்தான்.

என் பொண்ணுக்கு அப்ப ஆறு வயசு. விழாத டிக்கெட்டை நான் அரிசி டிரம்முக்குப் பின்னாடி சொருகி வைப்பேன், அவ அதை எடுத்து கடை விளையாட்டு விளையாடியிருக்கா, அவளுக்கு அது நோட்டு. ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சு வெஸ்ட்ரியில (ஆலயத்தை ஒட்டின அறை) நானும் சபையை நடத்தற உபதேசியார் ஐயாவும் காணிக்கைப் பையைக் கொட்டி எண்ணிட்டு இருந்தோம். பத்து ரூபா நோட்டு, சில்லறை, நடுவுல நாலா மடிச்ச ஒரு டிக்கெட். பிங்க் கலர், ஓரத்துல அரிசி மாவு ஒட்டியிருக்கு. பாத்த உடனே எனக்குத் தெரிஞ்சு போச்சு. ஐயா அதைப் பிரிச்சார், கண்ணாடியை மேல தூக்கிட்டு பாத்தார், மறுபடி அதே மாதிரி மடிச்சு மேஜை ஓரத்துல வெச்சுட்டு, "இருநூத்தி எழுபது, எழுதிக்க தம்பி"ன்னார். என் கை எழுத வரல. அவரே பேனாவை வாங்கி எழுதினார்.

அன்னைக்கு அவர் எதுவும் கேக்கல. நாலு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தார், திண்ணையில உக்காந்து லோத்துவைப் பத்திப் பேசினார். "லோத்து நேரா போய் சோதோம்ல குடியேறல தம்பி. ஆதியாகமம் 13ஐ எடுத்துப் பாரு, முதல்ல கண்ணைத் தூக்கி அந்த செழிப்பான நிலத்தைப் பாத்தான், அப்புறம் சோதோம் பக்கமா கூடாரம் போட்டான். அடுத்த அதிகாரத்துல ஊருக்குள்ள குடியிருக்கான். 19க்கு வந்தா ஊர் வாசல்லயே உக்காந்திருக்கான். உன் கூடாரம் எங்கப்பா போட்டிருக்க?" நான் டிக்கெட் கணக்கெல்லாம் சொல்ல ஆரம்பிச்சேன், அவர் கையைக் காட்டி நிறுத்திட்டு, "அதை விடு, முதல்ல எங்க உக்காந்த, அதைச் சொல்லு"ன்னார். அரை மணி நேரம் யோசிச்சு அந்த பெஞ்சைச் சொன்னேன்.

அதனால உங்களுக்கும் அதைத்தான் சொல்றேன். கடைசியா செஞ்ச தப்பை நினைச்சு அழறதை நிறுத்திட்டு, பின்னாடியே நடந்து போய் நீங்க முதல்ல உக்காந்த இடம் எதுன்னு தேடுங்க. அது தப்பே இல்லாத இடமாத்தான் இருக்கும். ஒரு சிநேகிதர் வீடா இருக்கும், ராத்திரி பதினோரு மணிக்கு சும்மா எடுக்கற போனா இருக்கும், ஆபீஸ்ல ஒருத்தர் கிட்ட மனசு விட்டுப் பேசறதா இருக்கும். அதை விடும்போது பக்கத்துல இருக்கறவங்க இதுல என்ன தப்புன்னு கேப்பாங்க, உங்களால பதில் சொல்ல முடியாது. சொல்ல வேண்டாம், விட்டுருங்க.

நான் தாளூர் வழியா போறதையே விட்டுட்டேன். இப்ப பாட்டவயல் வழியாத்தான் பத்தேரி போறோம், எங்களுக்கு அது சுத்து, பஸ் காசும் கூட. வீட்டுக்காரிக்கு முதல்ல கோவம், முழு விஷயத்தையும் சொன்னப்புறம் ரெண்டு நாள் பேசல, இப்ப அவளே பாட்டவயல் பஸ் டைமை எழுதி செவுத்துல ஒட்டி வெச்சிருக்கா. காணிக்கை எண்ணற வேலையை நானே வேண்டாம்னு விட்டேன், ஒரு வருஷம் கழிச்சு ஐயா மறுபடி கூப்பிட்டார், இன்னும் போகல.

முழுசா போயிடுச்சான்னு கேட்டா இல்ல. மூணு மணி ஆனா இப்பவும் கை போனைத் தேடும். அந்த நேரத்துக்கு போனை வீட்டுல வெச்சுட்டு, அருவாளை எடுத்துட்டு ஆட்டுக்குத் தழை ஒடிக்கப் போயிடுவேன்.