கேள்வி–பதில்: சுருண்டுபோகும் எண்டோபிளாச வலை

கேள்வி: எண்டோபிளாச வலையின் (செல்லுக்குள் பரவியிருக்கும் சவ்வு வலைப்பின்னல்) சவ்வுப் புரதத்தோடு பச்சை ஒளிர்புரதத்தை (ஜிஎஃப்பி) இணைத்து, உயிருள்ள செல்களில் பார்க்கிறோம். வலை தெரியவில்லை, உட்கருவை ஒட்டிச் சுருள் சுருளாகப் பளிச்சிடுகிறது. ஏன்?

பதில்: ஜிஎஃப்பி சைட்டோபிளாச பக்கம் (வலைக்கு வெளியே, செல்லின் உட்திரவப் பக்கம்) நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சாதாரண ஜிஎஃப்பி மூலக்கூறுகள் பலவீனமாக இரண்டிரண்டாக ஒட்டும். புரதம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், அந்த ஒட்டலே எதிரெதிர்ச் சவ்வுகளை ஜிப் போல இழுத்து அடுக்கிவிடும். ஜிஎஃப்பியின் 206ஆவது இடத்து அமினோ அமிலமான அலனினை லைசினாக மாற்றிய, ஒன்றோடொன்று ஒட்டாத ஒற்றை வடிவத்தைப் பயன்படுத்துங்கள். செல்களுக்குள் செலுத்தும் டிஎன்ஏ அளவைப் பாதியாக்கி, செலுத்திய 16–24 மணி நேரத்தில், மங்கலாக ஒளிரும் செல்களையே தேர்ந்தெடுங்கள். பளிச்சென்ற செல்தான் கண்ணை இழுக்கும், ஏமாற்றுவதும் அதுதான்.

ஒரு புள்ளியை லேசரால் ஒளியிழக்கச் செய்து மீட்சியை அளக்கும் சோதனையை மட்டும் நம்பாதீர்கள். சுருளுக்குள்ளும் புரதம் நகரும், ஒளி திரும்பிவிடும். வடிவத்தையும் பார்த்தே முடிவெடுங்கள்.

செல்கள் இருக்கும் ஊடகம் 37 டிகிரியில் இருக்கட்டும். கார்பன் டை ஆக்சைடு வசதி இல்லையென்றால் ஊடகத்தின் அமிலத்தன்மை மாறாமல் காக்கும் ஹெப்பிஸை 20–25 மில்லிமோலார் அளவில் சேருங்கள். வலை துண்டுதுண்டாக உடைந்தால் லேசரைக் குறையுங்கள்.