தண்ணீர் மேல் குதிக்கும் உருண்டைகள்: வாங்குவோர் கேள்வி-பதில்

கே: மீன்தொட்டித் தண்ணீர் மேல் மஞ்சள் பொடிபோல ஏதோ குதிக்கிறது. எந்தப் பூச்சிமருந்து வாங்கலாம்?

ப: எதையும் வாங்காதீர்கள். அவை உருண்டை ஸ்பிரிங்டெயில்கள், வாலடியில் ஸ்பிரிங் போன்ற உறுப்பால் துள்ளும் குட்டி உயிர்கள். கடிக்காது, மீனுக்கும் தொந்தரவில்லை. நீங்கள் அடிக்கும் மருந்துதான் மீனைக் கொல்லும்.

கே: ஆன்லைன் விளம்பரத்தில் தண்ணீர் மேல் நிற்கும் உருண்டை ஸ்பிரிங்டெயில் படம். வந்த டப்பாவிலோ கரித்துண்டும் நீளமான வெள்ளைப் பூச்சிகளும். ஏமாந்துவிட்டேனா?

ப: ஏமாற்றியிருக்கிறார்கள், நீங்கள் ஏமாளி இல்லை. கரியில் வளர்த்து விற்கும் வெள்ளை வகை பெரும்பாலும் ஃபோல்சோமியா கேண்டிடா. ஈரமண்ணில் வாழ்வது, கண்ணே கிடையாது. நீங்கள் கேட்டது ஸ்மிந்துரைடிஸ் அக்வாடிகஸ் போன்ற, தண்ணீர் மேல் வாழும் உருண்டை வகை. விளம்பரப் படத்தையும் டப்பாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிப் பணத்தைக் கேளுங்கள். 'உயிருள்ளதைத் திரும்ப எடுக்கமாட்டோம்' என்பார்கள். செத்ததற்காக நீங்கள் கேட்கவில்லையே, வேறொன்றை அனுப்பியதற்காகத்தானே கேட்கிறீர்கள்? அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கே: தண்ணீர் மேல் குதிக்கும் உருண்டைகளைப் பார்க்க '1000 மடங்கு' யு.எஸ்.பி. மைக்ரோஸ்கோப் நல்லதா?

ப: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நானும் ஒன்று வாங்கினேன். பெண் பூச்சி சுமார் 1 மி.மீ., ஆண் அதில் பாதி. ஆண் தன் உணர்கொம்புகளால் பெண்ணின் உணர்கொம்புகளைக் கவ்விக்கொள்ளும். அவள் அவனைச் சுமந்து திரிவாள். அதைப் பார்க்க ஆசைப்பட்டேன். தெரிந்தது இரண்டு மஞ்சள் கறை. மேஜையில் கை பட்டால் ஸ்டாண்ட் ஆடியது. ஃபோகஸ் கிடைக்க லென்ஸைத் தண்ணீரில் முட்டுமளவு இறக்க வேண்டியிருந்தது. அந்த 1000 எங்கிருந்து வருகிறது தெரியுமா? திரையில் தெரியும் அளவை வைத்துச் சொல்வது. பெரிய டிவியில் போட்டால் அதே கருவி 3000 மடங்கு ஆகிவிடும்! நுணுக்கம் ஒரு மயிரிழைகூட அதிகமாகாது. கேமராக்காரர்களும் கேளுங்கள்: 1:1 மேக்ரோ லென்ஸில் 1 மி.மீ. பூச்சி சென்சாரிலும் 1 மி.மீ.தான் விழும், ஃபுல்-ஃபிரேம் சென்சாரின் 36 மி.மீ. அகலத்தில் ஒரு புள்ளி. அதைவிடக் கூடுதல் உருப்பெருக்கம் வேண்டும். அதற்கு முன்னால் 10 மடங்கு கைலென்ஸ் ஒன்று வாங்கிப் பாருங்கள். நான் இப்போது அதில்தான் பார்க்கிறேன்.

கே: புது லென்ஸைத் தொட்டிக்குள் போட்டுவிட்டேன். ரசீதும் இல்லை. வாரண்டி உண்டா?

ப: இல்லை. பெட்டியில் 'நீர் புகாதது' என்று போட்டிருந்தால் மட்டும் மறுபடி எழுதுங்கள்.