மென்பூட்ஸுடன் கார்விங்: நீளத்துக்கு முன் அகலம்

வணக்கம். 29 அளவு (பாத நீளம் செ.மீ.-இல்) மென்பூட்ஸும் இடுப்பகலம் (பலகையின் நடுவே மிகக் குறுகிய இடத்தின் அகலம்) 25.2 செ.மீ. கொண்ட ஸ்னோபோர்டும் வைத்திருப்பதாகவும், கார்விங்கில், அதாவது பலகையை விளிம்பில் சாய்த்து வழுக்காமல் வளைந்து செல்கையில், ஆழமாகச் சாயும்போதெல்லாம் விளிம்பு பிடி விட்டுவிடுவதால் நீளமான பலகை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நீளத்தை விட்டுவிட்டு முதலில் அகலத்தைப் பாருங்கள். அந்தப் பூட்ஸின் வெளிநீளம் ஏறத்தாழ 31 செ.மீ. வரும் என்பதால், பலகை சாயச் சாய விரல்முனையோ குதிகாலோ பனியில் உரசி விளிம்பையே தூக்கிவிடுகிறது. நீங்கள் வந்த தடத்தைத் திரும்பிப் பாருங்கள். மெல்லிய கீறலுக்குப் பக்கத்தில் சுரண்டிய பள்ளம் தெரிந்தால் குற்றவாளி பூட்ஸ்தான்.

செலவில்லாத சோதனை ஒன்று உண்டு: பைண்டிங் (பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் பிடி) கோணங்களை முன்னே 30, பின்னே 15 பாகை என்று இரண்டையும் பலகையின் மூக்குப் (முன்முனை) பக்கமாகவே திருப்பிப் பாருங்கள். பின்முழங்கால் வலித்தால் பின்கோணத்தைச் சற்றுக் குறைத்துக்கொள்ளலாம். அப்படியும் உரசினால், 27 செ.மீ. அளவு இடுப்பகலமும், முழுக் கேம்பரும் (தரையில் வைத்தால் நடுப்பகுதி மேலெழுந்து நிற்கும் வளைவு), முறுக்குக்கு எளிதில் வளையாத உறுதியும் உள்ள பலகையைத் தேடுங்கள். அகலம் கூடினால் ஒரு விளிம்பிலிருந்து மறுவிளிம்புக்கு மாறச் சற்று நேரமாகும். சீராக அழுத்திய கெட்டிச் சரிவில் அது பெரிய குறையாக எனக்குப் படவில்லை.